அப்பாவுக்கு டி.எல்.பி.சி.எல். லிம்போமா: ஃபிஷ் முடிவு வரும்வரை கீமோவைத் தள்ளிப்போடலாமா?

வேலந்தாவளம் | ஜனவரி 9, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லை ஓரத்தில் இருக்கிறோம். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூர்.

அப்பாவுக்கு 61 வயது. தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும் இருக்கிறது. கார்த்திகையில் கழுத்தில் நெறி கட்டியது. பல்வலியால் வந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் டி.பி.யாக இருக்கலாம் என்றார்கள். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்ததில் எதுவும் தெளிவாகவில்லை. மார்கழி பிறந்து பத்து நாளுக்குள் எலுமிச்சை அளவு இருந்தது மாங்காய் அளவாகிவிட்டது. கட்டியை வெட்டி எடுத்து அனுப்பிய பிறகுதான் பெயர் தெரிந்தது: டி.எல்.பி.சி.எல்., வேகமாக வளரும் ஒரு வகை நெறிப் புற்றுநோய்.

ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன்: சி.டி.10 பாசிட்டிவ், பி.சி.எல்.6 பாசிட்டிவ், மம்1 நெகட்டிவ், மிக் 60 சதவீதம், பி.சி.எல்.2 80 சதவீதம், கே.ஐ.67 90 சதவீதம். கடைசி வரியில் ‘மிக், பி.சி.எல்.2, பி.சி.எல்.6 ஃபிஷ் செய்து பார்க்கவும்’ என்று இருக்கிறது. கட்டியின் செல்களில் அந்த ஜீன்கள் உடைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் டெஸ்டாம்.

திங்கட்கிழமை ஆர்-சாப் கீமோ ஆரம்பம் என்கிறார்கள். ஃபிஷ் அங்கே கிடையாது, வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும், பத்து நாள் ஆகும். ‘செய்தாலும் செய்யாவிட்டாலும் முதல் மருந்து இதுதான்’ என்றார் வார்டில் இருந்த டாக்டர். செலவும் கையை விட்டுத்தான். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை எங்களுக்குக் கிடையாது.

கேட்க வேண்டியது இரண்டு. அந்த டெஸ்டுக்காகக் காத்திருக்கலாமா? இன்னொன்று, தங்கைக்குத் தை மாதம் நிச்சயம் வைத்திருக்கிறோம். ஜீன் டெஸ்ட் என்ற பேச்சு எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. ‘பரம்பரை வியாதியா?’ என்று தரகர் மூலம் கேட்டனுப்பியிருக்கிறார்கள். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

மைக்ரோடோம் | ஜனவரி 9, இரவு 11.25

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. திசுப் பரிசோதனை லேபில் 14 வருடமாக வேலை, இப்போது பாலக்காட்டில். என் மேஜைக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாளை காலையில் போய் ‘பாரஃபின் ப்ளாக்’ வேண்டும் என்று கேளுங்கள். கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் கூடு, அதற்குள் வெள்ளை மெழுகு, நடுவில் மொச்சைக்கொட்டை அளவு சதை. அவ்வளவுதான். ஃபிஷ், வேறு ஜீன் பரிசோதனை, இன்னொரு ஊரில் இரண்டாவது அபிப்பிராயம் எல்லாமே அதிலிருந்துதான். கையெழுத்துப் போட்டு வாங்கலாம்.

ஃபிஷ் எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன், பயம் குறையும். மெழுகிலிருந்து சில மைக்ரான் கனத்தில் ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, மிக் ஜீனுக்கு ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் பச்சையும் ஒட்டிக்கொள்ளும் சாயம் போடுவோம். இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீல நிற உட்கருவுக்குள் புள்ளிகள் மின்னும். ஜீன் முழுசாக இருந்தால் சிவப்பும் பச்சையும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும். உடைந்து இடம் மாறியிருந்தால் சிவப்பு ஒரு மூலையில், பச்சை ஒரு மூலையில். நூறு, இருநூறு செல்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெழுதுவோம்.

முன்பு நான் இருந்த ஒரு லேபில் ஒரு தடவை, தியேட்டரிலிருந்து கட்டியை ஃபார்மலினில் போடாமல் சலைனில் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் சதை கெட்டுக் குழைந்திருந்தது. அந்த அம்மாவுக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் ப்ளாக் பத்திரம் என்றுதான் சொல்கிறேன். பஸ்ஸில் கொண்டுபோனால் வெயில் படாமல் வையுங்கள். மெழுகு உருகினால் போச்சு.

குடியாத்தம் மருத்துவர் | ஜனவரி 10, காலை 6.15

ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். என் வெளிநோயாளிகளில் பாதிப் பேர் ஆந்திர எல்லையிலிருந்து வருகிறவர்கள். அவர்களும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் தங்கையின் விஷயம், அதுதான் வீட்டை அதிகம் அரிக்கிறது. ஃபிஷ் தேடும் மாற்றம் உங்கள் அப்பா பிறக்கும்போது அவரிடம் இல்லை. அவர் அப்பாவிடமிருந்து வரவில்லை, உங்களுக்கும் தங்கைக்கும் போகாது. கட்டிக்குள் இருக்கும் செல்களில் மட்டும், வாழ்நாளில் நடுவில் ஏற்பட்ட உடைவு அது. இந்த நோய் பி செல் என்ற ஒரு வகை வெள்ளணுவில் தொடங்குகிறது. அதன் தொழிலே டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டுவதுதான். புதிய கிருமி வந்தால் அதற்கேற்ற எதிர்ப்புப் புரதம் செய்ய, நெறிக்குள் தன் ஜீனைத் தானே வெட்டித் திருத்திக்கொள்ளும். உடம்பில் வேறு எந்தச் செல்லும் இவ்வளவு துணிந்து இந்த வேலையைச் செய்வதில்லை. கோடிக்கணக்கான வெட்டுகளில் ஒன்று தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் வருவது இந்த நோய். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் உங்கள் டாக்டரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக் காட்டுங்கள்.

இனி நோயின் போக்கு. எதிர்ப்புப் புரதம் செய்யும் ஜீன் 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பி செல்லில் அது ஓயாமல் ஓடும் மோட்டார். 8ஆம் குரோமோசோமில் உள்ள மிக் ஜீன் போய் அந்த மோட்டாரோடு ஒட்டிக்கொண்டால், செல்லைப் பெருக்கு என்ற கட்டளை நிற்காது. 18ஆம் குரோமோசோமில் உள்ள பி.சி.எல்.2 அப்படி ஒட்டிக்கொண்டால், செல் சாக வேண்டிய நேரத்தில் சாகாது. தனித்தனியே இரண்டையும் சமாளிக்கலாம். மதகைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்தால் வயல் என்ன ஆகும்? இரண்டும் சேர்ந்து உடைந்ததைத்தான் ‘டபுள் ஹிட்’ என்கிறோம்.

ஒன்று கவனியுங்கள். குழந்தைகளுக்கு வரும் பர்க்கிட் லிம்போமாவிலும் மிக் உடைந்துதான் இருக்கும். வேகமும் இதைவிட அதிகம். ஆனாலும் கடுமையான கீமோ கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகிறார்கள். அங்கே சாவைத் தடுக்கும் பி.சி.எல்.2 உடைவு கிடையாது. அதனால் ‘மிக் இருக்கிறது, முடிந்தது’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். எந்த ஜீனோடு எந்த ஜீன் சேர்ந்திருக்கிறது, நோய் எந்த வகை என்பதுதான் கேள்வி.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 60, 80 என்பது சாயமேற்றிப் பார்த்த புரத அளவு. மிக் 40, பி.சி.எல்.2 50 சதவீதத்தைத் தாண்டினால் ‘டபுள் எக்ஸ்பிரஸர்’ என்போம். அதுவும் கொஞ்சம் கெட்ட அறிகுறிதான், ஆனால் ஜீன் உடைந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்த லிம்போமாவில் நூற்றுக்குச் சுமார் 11 பேரிடம் மிக் உடைந்திருக்கும், டபுள் ஹிட் அதைவிடக் குறைவு. சி.டி.10 பாசிட்டிவ் என்பதால் உங்கள் அப்பாவின் கட்டி ஜெர்மினல் சென்டர் வகை, அதாவது நெறிக்குள் பி செல் தன் ஜீனைத் திருத்தும் இடத்தில் தொடங்கியது. டபுள் ஹிட் பெரும்பாலும் இந்த வகையில்தான் வரும். அதனால் ஃபிஷ் அவசியம் செய்யுங்கள்.

காத்திருக்கலாமா என்றால், வேண்டாம். இவ்வளவு வேகமான கட்டியில் பத்து நாள் பெரிய காலம். திங்கட்கிழமை ஆர்-சாப் ஆரம்பிக்கட்டும், ப்ளாக் இன்றே கிளம்பட்டும். இரண்டாவது சுற்றுக்குள் முடிவு வந்துவிடும், மருந்தை மாற்ற வேண்டுமானால் அப்போது மாற்றலாம். ஆர்-சாப்பில் உள்ள ரிட்டுக்சிமாப் மருந்தை ஏற்றுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி டெஸ்டும் இதய எக்கோவும் பார்த்தாயிற்றா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகரி நெசவு | ஜனவரி 10, காலை 9.50

டாக்டர், மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடில்லை.

2022ல் என் அண்ணனுக்கு இதே நோய். 54 வயது, தறிதான் தொழில். எங்கள் நகரியிலிருந்து சென்னைக்கு அலைந்தோம். ஒருவர் சொன்னார் என்று பெரிய ஜீன் டெஸ்ட் கொடுத்தோம். அதற்கு ஒரு தறியை விற்றோம். ‘டி.பி.53 மாற்றம், விளைவு மோசமாக இருக்கும்’ என்று ஒரு வரி வந்தது. அண்ணன் அதை மொபைலில் தட்டிப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சோற்றில் கை வைக்கவில்லை. மருந்து மாறியதா? இல்லை. அதே ஆர்-சாப், அதே ஆறு சுற்று. ஏழாம் மாதம் போய்விட்டார்.

தெரிந்து என்ன செய்தோம்? அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஏழு மாதமாவது மனிதர் நிம்மதியாக இருந்திருப்பார். எல்லோரையும் டெஸ்ட் எடு, டெஸ்ட் எடு என்று சொல்கிறீர்கள். சிரமப்படுவது நாங்கள்.

கொல்லங்கோடு டீச்சர் | ஜனவரி 10, காலை 10.30

நகரி அண்ணா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலந்தாவளம், அப்பாவுக்கு இங்கிலீஷ் ரிப்போர்ட் படிக்க வருமா? வரும் என்றால் ஃபோனில் தேடுவதற்கு முன் யாராவது உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். என் மாமியாருக்கு நாங்கள் மறைத்தோம், மருந்துக் கடைப் பையன் சொல்லிவிட்டான்.

குடியாத்தம் மருத்துவர் | ஜனவரி 10, பிற்பகல் 2.05

நகரி ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொன்னதில் பாதி முழு உண்மை. டி.பி.53 என்பது சேதமான செல்லை நிறுத்தும் காவல் ஜீன். நாம் கொடுக்கும் கீமோவில் பல மருந்துகள் அதன் வழியாகத்தான் செல்லைக் கொல்கின்றன. அது பழுதானால் மருந்து தடுமாறும். உங்கள் அண்ணனுக்கு முதல் சிகிச்சையில் அதற்கென்று தனி மருந்து எங்களிடம் இல்லை. அந்த வரியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அது எங்கள் தரப்புக் குறை.

ஆனால் எல்லா ஜீன் முடிவும் அப்படியல்ல என்பதால்தான் இன்னும் எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டில்தான் இந்த ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள் இருப்பது ஜீன் செயல்பாட்டை வைத்துத் தெரியவந்தது. ஒன்று ஜெர்மினல் சென்டர் வகை, மற்றது ஏ.பி.சி. வகை. 2018ல் 574 பேரின் கட்டிகளை ஆராய்ந்து இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள். மிட்88, சி.டி.79பி ஜீன்கள் மாறியிருந்த குழுவில் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 26 சதவீதம். ஈ.இசட்.பி. என்ற குழுவில் 68 சதவீதம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நோயின் போக்கை ஜீன் எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் இந்த முழுப் பட்டியலை நான் என் நோயாளிகளிடம் கேட்பதில்லை, காரணம் நீங்கள் சொன்னதேதான்: இன்றைக்கு அதை வைத்து முதல் மருந்தை மாற்றும் வழக்கம் வரவில்லை. தறியை விற்றுச் செய்யும் டெஸ்ட் அல்ல அது.

மிக், பி.சி.எல்.2 ஃபிஷ் அப்படியில்லை. இரண்டும் உடைந்திருந்தால் நான் செய்யும் வேலை மாறுகிறது. ஆர்-சாப்பிலிருந்து ஈபோக் என்ற நான்கு நாள் தொடர் மருந்துக்கு மாற்றலாமா என்று பார்ப்பேன். நோய் மூளைக்குப் போகும் வாய்ப்பு கூடுதல், அதனால் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்ப்பேன். பாதியில் ஸ்கேன் எடுப்பேன். திரும்பி வந்தால் எங்கே அனுப்புவது என்று முதல் மாதமே யோசித்து வைப்பேன். இந்தியாவிலேயே ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் வெள்ளணுக்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திரும்ப ஏற்றுவது) 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்திருக்கிறது. செலவு பல லட்சம், எல்லோருக்கும் எட்டாது, ஆனால் பத்து வருடத்துக்கு முன் அந்தக் கதவே இல்லை.

எண்களை மறைக்கவும் மாட்டேன். 2014ல் அமெரிக்காவில் 311 டபுள் ஹிட் நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்ததில் பாதிப் பேர் 22 மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். மிச்சப் பாதி அதற்கு மேல் வாழ்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 2018ல் மிக் உடைந்த 53 பேருக்கு ஈபோக் கொடுத்ததில் நான்கு ஆண்டு முடிவில் நூற்றுக்கு 77 பேர் இருந்தார்கள். அதில் எல்லோரும் டபுள் ஹிட் அல்ல, காத்திருக்க முடியாத அளவு உடம்பு மோசமானவர்களும் அப்படிப்பட்ட ஆய்வுகளில் சேர்வதில்லை. இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் வைத்துச் சோதித்து ஈபோக்தான் மேல் என்று டபுள் ஹிட்டுக்கு யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனாலும் 61 வயதில், இதயம் நன்றாக இருந்தால், நான் ஈபோக் பக்கம்தான் சாய்வேன்.

2019ல் 2,383 பேரைப் பார்த்த ஆய்வு ஒன்று எனக்கு ரொம்ப உதவுகிறது. மிக் உடைவின் கெடுதல் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே தெரிந்துவிடுகிறது. அதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயரின் கனம் குறைந்துவிடுகிறது. நோயாளியிடம் நான் சொல்வது இதைத்தான்: இரண்டு வருடம் சேர்ந்து நடப்போம்.

புளியரைக்காரர் | ஜனவரி 10, இரவு 8.40

டாக்டர் சொன்ன இரண்டு வருடத்தை நாங்கள் தாண்டியிருக்கிறோம், அதனால் எழுதுகிறேன்.

செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரம். என் வீட்டுக்காரிக்கு 2021ல் டபுள் ஹிட். அப்போது வயது 48. திருவனந்தபுரத்தில் பார்த்தோம். ஈபோக் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து நாள் படுக்கை. பம்ப் மெஷின் ராத்திரி பூராவும் ‘டிக் டிக்’ என்று ஓடும், பாத்ரூம் போனால் ஸ்டாண்டையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மருந்துப் பையைத் துணி சுற்றி வைப்பார்கள். மூன்றாம் நாள் வாய் புண்ணாகிவிடும், மோரும் குழைந்த சோறும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். வெள்ளணு இறங்கும். வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் கொடுத்து, வரும் எண்ணை காலண்டரில் எழுதிவிடுவேன். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துத்தான் அடுத்த சுற்றின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும். நான்காம் சுற்றில் 101 டிகிரி காய்ச்சல், நள்ளிரவில் ஜீப் பிடித்து ஆரியங்காவு வழியாக ஓடினோம். கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், தங்கச்சி. அன்றைக்கு நாங்கள் இருந்திருந்தால் இந்தப் பதிவை நான் எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது அவள் காலையில் எழுந்து கோலம் போடுகிறாள். ஸ்கேன் சுத்தம். அடுத்த வீட்டில் இதே பெயர் வந்த ஒருவர் மூன்று மாதத்தில் போய்விட்டார், அதையும் மறைக்கவில்லை.

வேலந்தாவளம் | ஜனவரி 12, இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. ப்ளாக் சனிக்கிழமையே கிளம்பிவிட்டது. முதலில் ‘பேஷன்ட்டுக்குக் கொடுப்பதில்லை’ என்றார்கள், மைக்ரோடோம் அண்ணா சொன்ன மாதிரி கையெழுத்துப் போடுகிறேன் என்றதும் கொடுத்தார்கள். இன்று ஆர்-சாப் ஏறியது. ரிட்டுக்சிமாப் ஏறும்போது குளிர் வந்து நடுங்கினார், நிறுத்தி மெதுவாக விட்டார்கள், சரியாகிவிட்டது. ஹெபடைட்டிஸ் நெகட்டிவ், எக்கோ நார்மல்.

நகரி அண்ணா, உங்களை நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். ‘கட்டியின் குணம் பார்க்க அனுப்பியிருக்கிறோம், கெட்ட குணமாக இருந்தால் மருந்தை மாற்றுவார்கள்’ என்றேன். ‘மண்ணைப் பார்த்து உரம் போடுகிற மாதிரி’ என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

வேலந்தாவளம் | ஜனவரி 24, மாலை 5.30

முடிவு வந்துவிட்டது. மிக் உடைந்திருக்கிறது. பி.சி.எல்.2 உடைந்திருக்கிறது. பி.சி.எல்.6 முழுசாக இருக்கிறது. டபுள் ஹிட்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுதான் படித்தேன். கால் நடுங்கியது. அப்புறம் டாக்டர் எழுதிய இரண்டு பத்தியையும் திரும்பப் படித்தேன், புளியரை அண்ணாவின் பதிவையும். பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவரே ஈபோக் என்றார். இரண்டாவது சுற்றிலிருந்து மாற்றுகிறார்கள். முதுகுத்தண்டு நீரும் எடுக்கிறார்கள். கழுத்துக் கட்டி முதல் சுற்றிலேயே பாதி வடிந்துவிட்டது, சட்டையின் மேல் பட்டனைப் போட முடிகிறது.

தங்கை விஷயம்: மாப்பிள்ளையின் அக்கா நர்ஸாம். அவரே அவர்கள் வீட்டில் விளக்கிச் சொல்லிவிட்டார். ஆனால் நிச்சயத்தை மாசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லை.

குடியாத்தம் மருத்துவர் | ஜனவரி 24, இரவு 10.00

முதல் சுற்றில் பாதி வடிந்தது நல்ல சேதி. சுற்றுகளுக்கு நடுவில் நாள் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திருவிழா, கல்யாணம் எதற்காகவும். வெள்ளணு ஏற்றும் ஊசி எத்தனை, எந்த நாளில் என்பதைக் கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள்.

வேலந்தாவளம் | பிப்ரவரி 4, இரவு 11.50

ஈபோக் மூன்றாம் நாள். வார்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பம்ப் சத்தம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். புளியரை அண்ணா, நீங்கள் சொன்ன அதே ‘டிக் டிக்’. அப்பாவுக்கு வாய்ப்புண் இன்னும் வரவில்லை. மோர் கேட்டார். தோப்பில் யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். ஊசியை ஐஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். கோயம்புத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு இரண்டு பஸ். எப்படிக் கொண்டுபோவது என்று யாராவது சொல்லுங்கள்.

நகரி நெசவு | பிப்ரவரி 5, காலை 5.20

தங்கச்சி, இது எனக்குத் தெரியும். சாதாரண தெர்மாகோல் டப்பா போதும், பெரிய ஐஸ் பாக்ஸ் வாங்கிக் காசைக் கரைக்காதே. ஐஸை நேராக ஊசி மேல் வைக்காதே, உறைந்தால் மருந்து வீண். ஐஸ் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி அடியில் வை, மேலே ஊசி அட்டை, அதன் மேல் இன்னொரு துணி. வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரில் வைக்காமல் நடுத் தட்டில் வை, கதவில் வேண்டாம். போடுவதற்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். அண்ணனுக்கு நான்தான் போட்டேன், வயிற்றில், தொப்புளை விட்டுத் தள்ளி.

வெள்ளிக்கிழமை வீடு போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுது. பார்த்துக்கொண்டிருப்பேன்.